எல்

மொன்டெவிடியோவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை
தெரு நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும்.
கை உடைந்த பொம்மை, துருவேறிய குழாய்த்திருகு,
யாரோ ஒருவரின் பட்டமளிப்புப் புகைப்படம்,
நடுவே ஒரு படுக்கை விரிப்பில்
ராம் பட்டைகளைச் சீட்டுக்கட்டாய்ப் பரப்பியிருந்தான்
வில்சன் ஒலாசாபால்.

"எட்டு ஜிபி. புதுசு மாதிரி."
"என் லேப்டாப்புக்குச் சேருமா?"
"டிடிஆர் மூன்றுதானே?
கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்."

கண்ணை மூடுகிறவள் இல்லை சுல்மா.
பேருந்து நிறுத்தங்களுக்குக் கூரை வரைகிறவள்.
அரை மில்லிமீட்டருக்காக
நகராட்சியோடு மல்லுக்கு நிற்பவள்.
இருக்கிற நான்கு ஜிபியில் கூரையைத் திருப்பினால்
தூண்கள் வந்துசேர ஒரு நிமிஷம்,
மழைநீர் வழிந்து காட்ட இன்னும் மூன்று.
புதன்கிழமைக்குள் ஏழு நிறுத்தங்கள் தரவேண்டும்.

பத்துத் திருகுகளையும் கழற்றி
சோப்பு டப்பா மூடியில் போட்டாள்.
பட்டையின் வெட்டும் துளையின் மேடும்
பல்லோடு பல் பொருந்தின.
சாய்த்துச் செருகி அழுத்த
இருபுறக் கொக்கியும் டக்கென்றன.
அந்த டக்கில்தான் எவ்வளவு நம்பிக்கை!

விசிறி சுற்றியது. திரை கறுப்பு.
மூன்று பீப். மௌனம். மூன்று பீப்.

பள்ளிக்கூட அழிப்பானால் தங்கமுனைகளைத் தேய்த்தாள்.
மூன்று பீப்.
மேலதைக் கீழே, கீழதை மேலே.
மூன்று பீப்.
பழையதை மட்டும் போட்டாள்:
ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வணக்கம் சொன்னது.
பயாஸைப் புதுப்பித்தாள்.
புதியதை மட்டும் போட்டாள்:
மூன்று பீப்.
பேட்டரியைப் பிடுங்கிவிட்டு நூறு எண்ணினாள்,
எழுபத்தெட்டில் தவறி மறுபடி ஒன்றிலிருந்து.
கீழ்வீட்டு டெல்மிரா துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள்:
"இரவு இரண்டு மணிக்கு யாரடி மைக்ரோவேவ் வைப்பது?"

கடைசியில் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினாள்
இரண்டின் ஒட்டுத்தாளையும்.
பழையதில்: பிசி மூன்று, ஒட்டினாற்போல் ஓர் எல்.
புதியதில்: பிசி மூன்று, பிறகு வெறும் கோடு.

எல் இருந்தால்
ஒன்று புள்ளி மூன்று ஐந்து வோல்ட் போதும்.
எல் இல்லாதது ஒன்றரை கேட்கும்.
இந்த மதர்போர்டோ மூன்று ஐந்துக்கு மேல்
ஒரு பருக்கை பரிமாறாத வீடு.
வந்தவர் காலித் தட்டின் முன் உட்கார்ந்து
எழுந்துபோகவும் தெரியாமல்
தொண்டையைச் செருமியதுதான் அந்த மூன்று பீப்.

பழந்தமிழில் எல் என்றால் ஒளி.
சுல்மாவுக்கு அது தெரிய வழியில்லை.
எல் இல்லை, ஆகவே திரையில் எல் இல்லை என்று
இங்கிருந்து சிரித்துக்கொள்கிறேன் நான்.
அவள் சிரிக்கவில்லை.
மாத்தே குடுவையில் வெந்நீர் தீர்ந்திருந்தது.

புதனன்று மூன்று நிறுத்தங்களைத்தான் கொடுத்தாள்.
மீதிக்குப் பத்து நாள் தவணை.

அடுத்த ஞாயிறு மழை. சந்தை இல்லை.
அதற்கடுத்த ஞாயிறு
விரிப்பின் அடியிலிருந்து ஒரு தடித்த கிழட்டு லேப்டாப்பை எடுத்து
அவள் திருப்பித் தந்ததை அதில் சொருகினான் வில்சன்.
உடனே எரிந்தது திரை.
"பாருங்கள், என் சரக்கில் பழுதில்லை."
"பழுதென்று நான் சொல்லவேயில்லையே."

கொஞ்சம் யோசித்தான்.
"இந்த மாதம் நான்கு பேர் திருப்பினார்கள்.
திருடன் என்றுகூட ஒருவர்..."

அரைமணி நேரம் இருவரும் முட்டிபோட்டு
ஒட்டுத்தாள் ஒட்டுத்தாளாக எல் பொறுக்கினார்கள்.
கிடைத்தவற்றுக்கெல்லாம் பச்சைப் பேனாவால்
அவள் ஒரு புள்ளி வைத்தாள்.
அப்படியும் இருநூறு பெசோ கூடுதலாகக் கேட்டான்.
நூற்றைம்பதில் படிந்தது.

வீடு. திருகு. சோப்பு மூடி. டக்.
நாற்பது நொடி கறுப்பு, ஆனால் பீப் இல்லை.
பிறகு வெளிச்சம். கணக்கில்
பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில்
பதினொன்று புள்ளி ஒன்பது.
காட்டுவதற்கான கூலியாகத்
திரையே எடுத்துக்கொண்டது அந்தப் புள்ளி ஒன்றை.
அரை மில்லிமீட்டரை விடாதவள்
அதை மட்டும் விட்டுக்கொடுத்தாள்.

கூரையைத் திருப்பினாள்.
தூண்கள் கூடவே திரும்பின.
மழையைப் போட்டாள், உடனே பெய்தது.

நான்காவது நிறுத்தம் ஒழுகியது.